கண் சிமிட்டிய மாப்பிள்ளை

"இன்னா சார், பட்டனை அமுக்கினதுமே பத்துப் பொருத்தமும் வந்துட்ச்சு? கணக்கே போடலியே!"

இரும்புலியூர் பக்தவச்சலம் கேட்ட கேள்வியில் ஸ்ரீரங்கனுக்கு முகம் சுண்டிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே, எண்பத்தொன்பதில், கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்தவன் அவன். திரையில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல வருகின்றனவே என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, எழுத்தை நேரே திரையின் மெமரியிலேயே கொண்டுபோய்ப் போடும்படி புரோகிராமை மாற்றியிருந்தான். கண் மூடித் திறப்பதற்குள் திரை நிரம்பிவிடும். பாராட்டுவார்கள் என்று பார்த்தால்!

"ஸ்பீடு பண்ணியிருக்கேன் சார்."

"கல்யாண விசயத்துல இன்னா ஸ்பீடு? நிதானமா பாக்கச் சொல்லு அதை."

பக்கத்தில் அவர் மகள் பட்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ராஜகோபாலுக்குக் கூடுவாஞ்சேரியில் இரண்டு மனை. வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

ஸ்ரீரங்கன் ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் நின்று வரும்படி திருத்தினான். நிற்கிற நேரம் கூடிப்போய்த் திரை கறுப்பாகவே கிடந்தது.

"பூட்ச்சா?" என்றார் பக்தவச்சலம்.

அவசர அவசரமாக மறுபடி திருத்தினான். இந்தத் தடவை இடம் பிசகி, மாப்பிள்ளையின் பெயர் பெண்ணின் அப்பா பெயர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"யோவ், என் பேரு எங்கய்யா?"

அதையும் ஒருவழியாகச் சரிசெய்தான். பிறகு அவரைக் குளிர்விக்க வேண்டுமே என்று பக்கத்துக் கடைக்குக் காபிக்கு அழைத்துப் போனான். பட்டு தனக்கு வேண்டாமென்று சொல்லிக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

திரும்பி வந்து பட்டனை அமுக்கினால், எல்லாம் அழகாக, நிதானமாக வந்தது. ராஜகோபாலின் பெயர் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

பக்தவச்சலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "குலசாமியே காட்டிக் குடுக்குது. ஆயுசு கெட்டியில்ல!"

"ஐயோ சார், தோஷம் மாப்பிள்ளைக்கு இல்ல, என் புரோகிராமுக்கு!"

"நீ நல்ல மனுசன். சொல்ல மனசு வராம பழியை உன் மேல போட்டுக்கற. இந்த சம்பந்தமே வேணாம்."

அவர் ஸ்கூட்டரை உதைக்கப் போய்விட்டார். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாதே என்று ஸ்ரீரங்கன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

வாசல்வரை போன பட்டு திரும்பி வந்தாள்.

"உங்க புரோகிராம்ல தப்பே இல்ல சார். மெமரில எழுத்துக்குப் பக்கத்துல இருக்கிற கலர் நம்பரோட நூத்தி இருபத்தெட்டைக் கூட்டினா அது கண் சிமிட்டும்னு, போன வாரந்தான் எங்க கம்ப்யூட்டர் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க."