அத்தானின் எரிபொருள் சிக்கனப் புரட்சி

உலகின் எரிபொருள் நெருக்கடி இன்னும் தீராமலிருப்பதற்கு ஒரே காரணம், உலகத் தலைவர்கள் என் அத்தானைக் கலந்தாலோசிக்காததுதான்.

அக்காவின் கணவரான அவர், கார் வாங்கிய நாளிலிருந்து அதை சர்வீஸுக்கு விட்டதில்லை. "சர்வீஸ்ல ஓட்டிப் பாக்குறேன்னு நம்ம பெட்ரோலை எரிப்பான்" என்பது அவருடைய 'கொள்கை விளக்கம்'. மாறாக, மைலேஜ் கூடுமென்று பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினார். கனம் குறைய ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டுக் கூடத்தில் வைத்தார். விருந்தாளிகள் அதில் உட்கார்ந்தார்கள்.

தலைமைக் கணக்காளர் பதவிக்கு அக்காவை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். எத்தனையோ வருஷம் காத்திருந்து வந்த அழைப்பு. அத்தான் ஓட்டினார்; பக்கத்தில் நான். மேம்பாலத்தின் பாதியில் கார் இருமி, இழுத்து, நின்றது.

"கொஞ்சம் இறங்கிக்கம்மா. பாரம் குறைஞ்சா ஏறிடும்."

"தம்பி இறங்கட்டுமே?"

"அவன் மீட்டர் பாக்கணும்ல?"

ஆய்வு உதவியாளன் என்ற பொறுப்பு எனக்கிருந்ததால் நான் இறங்கவில்லை. அக்கா இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாலம் ஏறினாள். முன்னால் போன எங்கள் கார், அவளுடைய வெளிர்நீலப் புடவை மேல் கரும்புகையைத் தாராளமாக வழங்கியது. போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது அக்கா பேசவில்லை. பேச்சில்லாத பயணத்தில் பெட்ரோல் மிச்சமாவதாக அத்தான் கண்டறிந்தார்.

அடுத்த வாரம் அவர் வெளியூர் போனதும், அக்காவே காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். மெக்கானிக் ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துத் தட்டினார். புழுதி அடங்கும்வரை இருவரும் தள்ளி நின்றார்கள்.

"காத்தே போகாம எப்படிம்மா ஓடிச்சு? மூச்சு முட்டினா பெட்ரோலைத்தான் குடிக்கும்."

"சில பேர் வீட்ல அப்படித்தாங்க ஓடணும்" என்றாள் அக்கா.

ஃபில்டர், பிளக், ஆயில் எல்லாம் மாறின. கார் பாலத்தில் தானாகவே ஏறியது. மைலேஜும் கூடியது.

ஊரிலிருந்து வந்த அத்தான் மீட்டரைப் பார்த்துக் கண்கலங்கினார். "காந்தம் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு."

"நான் சர்வீஸ் விட்டேன்."

"தெரியும். அதையும் தாங்கிட்டு வேலை செஞ்சிருக்கு பாரு."

விஞ்ஞானத்தில் இப்படிப்பட்ட உறுதி அபூர்வம். குடியிருப்போர் சங்கமும் இதை உணர்ந்து, 'பராமரிப்பில்லாப் பயணம்' என்ற தலைப்பில் அவரைப் பேச அழைத்தது. காந்தத்தை எல்லோரும் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தார்கள். நான்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினேன். பொன்னாடை போர்த்தியதும் சங்கத் தலைவர், முன்வரிசையிலிருந்த அக்காவிடம் ஒலிவாங்கியை நீட்டினார்.

"அம்மா, கூட வாழுறவங்க நீங்க. சார் பராமரிப்பே செய்யாம இத்தனை வருஷம் ஓட்டியிருக்கார்ங்கறது உண்மைதானா?"

அக்கா எழுந்து நின்றாள்.

"நூத்துக்கு நூறு உண்மைங்க. காரையும் அப்படித்தான் ஓட்டினார்."

கைதட்டலைத் தொடங்கி வைத்தது அத்தான்தான்.