சுரேந்திரன் இருக்கும் நாடு கையெழுத்தை வாபஸ் வாங்கியது

கீழ் கோத்தகிரி

கிளிநொச்சியில் இருக்கும் என் அன்புத் தங்கை சுப்பம்மாவுக்கு அண்ணன் அழகையா எழுதுவது. இங்கே மழை, குளிர், உன் அண்ணியின் ஏச்சு மூன்றுக்கும் குறைவில்லை; அங்கே நீயும் உன் ஆடுகளும் சுகமா? போனில் பேசினால் இரண்டு பேரும் அழுது விஷயம் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் கடிதம்.

விஷயம் உன் மகன் சுரேந்திரனைப் பற்றியது. பதறாதே, பயல் நன்றாகத்தான் இருக்கிறான். அவன் மரம் வெட்டப் போயிருக்கிற நாடு, கண்ணிவெடி புதைக்க மாட்டோம் என்று பல நாடுகளோடு சேர்ந்து போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கிவிட்டதாம். பக்கத்து நாட்டுக்காரன் மேல் பயமாம். பேப்பரில் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் எஸ்டேட் யூனியன்காரர் ஆறுச்சாமியிடம் போய்ச் சொன்னேன். "ஏனுங்க, முறையா நோட்டீஸ் குடுத்தாங்களா?" என்று கேட்டார். ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துத்தான் விலகினார்கள் என்றேன். "அப்பச் சட்டப்படி சரிதானுங்க" என்று டீயைக் குடிக்கிறார், பாவி மனுஷன்! சட்டப்படி புதைத்தால் வெடிக்காதா?

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் வீடியோ காலில் பயலின் முகத்தைப் பார்ப்பதில்லை. "காலைக் காட்டுடா" என்கிறேன். "சப்பாத்து போட்டிருக்கேன் மாமா" என்றான். சப்பாத்துக்குள்ளே கால் இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கழற்றுடா என்றேன். அந்தப் பனியில் கழற்றி, இரண்டு காலையும் போனுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினான். இங்கே எஸ்டேட் லைன் வீட்டுச் சனமெல்லாம் கூடி நின்று சிரித்தது. "உங்களுக்குப் பைத்தியம் முத்திப்போச்சு" என்றாள் உன் அண்ணி. அவளுக்கென்ன தெரியும்? சண்டை ஓய்ந்த பிறகு நான் உன்னைப் பார்க்க வந்தபோது, விறகு பொறுக்கப் போன இடத்தில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து நின்று, "செருப்புச் செலவு பாதியாப் போச்சு அண்ணே" என்று சிரித்தாயே, அதை அவளா பார்த்தாள்?

நான் சொன்னால் கேட்க மாட்டான். நீ ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவான். உன்னோடு ஆடு மேய்த்துப் பிழைக்கட்டும், போதும்.

முருகன் உங்கள் இருவரையும் கைவிடாமல் இருக்கட்டும். அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ஏசியதையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அழகையா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சுரேந்திரன் கூப்பிட்டான். காட்டு வேலையை விட்டுவிட்டானாம், இனி நான் பயப்படவே வேண்டாமாம். புதிதாகத் திறந்த பாக்டரியில் உள்வேலை, குளிர் கிடையாது, நிரந்தரமாம். என்னடா செய்யறாங்க அங்கே என்றேன். கண்ணிவெடிதானாம். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா" என்று வைத்துவிட்டான். சொல்லிவிட்டேன், தங்கச்சி.