முன்னாள் மாப்பிள்ளை

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், மை எர்ஸ்ட்வைல் மாப்பிள்ளை..."

ராபர்ட்சன்பேட்டை சர்ச் ஹாலுக்குப் பின்னால் கொர்னேலியஸ் தன் வாழ்த்துரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட மகன் ஃப்ரெடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை எலைனின் கல்யாணத்துக்காக அவன் முந்தின நாள்தான் துபாயிலிருந்து வந்திருந்தான்.

"இன்னாப்பா இது? எர்ஸ்ட்வைல்னா முன்னாள். மோதிரம் போட்டு ஒரு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள முன்னாள் மாப்பிள்ளையா?"

"நம்ம ஊர்ல தங்க மைன்ஸு, மேனேஜரு, கிளப்பு, எல்லாத்துக்கும் முன்னால அதைத்தான்டா போடறாங்க. மரியாதை."

"எல்லாம் மூடிட்டாங்க, அதனால போடறாங்க."

"பழைய வார்த்தை, கம்பீரமா இருக்கும். சம்பந்திக்கும் ஒண்ணு சேத்துக்கறேன்."

சம்பந்தி பக்கத்து மாரிகுப்பத்தில் பிறந்து, பெங்களூரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இன்று அவர் முகம் கோணினால் எலைன் ஆயுசு முழுக்கக் குத்தல் பேச்சு கேட்க வேண்டும். ஃப்ரெடி டிரம் வாசிக்கும் பிரேமிடம் ஓடினான்.

"பிரேமண்ணா, அப்பா 'எர்ஸ்ட்'னு ஆரம்பிச்சதும் அடிச்சிடுங்க. வார்த்தை வெளிய வரக்கூடாது."

"கல்யாணத்துல யாரும் கேக்காத உதவியா இருக்கே," என்றார் பிரேம். ஆனாலும் மேடையில் கொர்னேலியஸ் 'எர்ஸ்ட்' என்றதும் அடித்தார்.

கொர்னேலியஸ் சத்தம் ஓயும்வரை பொறுமையாக நின்று, விட்ட வார்த்தையை மறுபடி சொன்னார். மறுபடி டிரம். மூன்றாவது தடவை, ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கூட்டமே சேர்ந்து கத்தியது: "எர்ஸ்ட்வைல்!"

ஃப்ரெடி மைக் வயரைப் பிடுங்கினான். ஆனால் கொர்னேலியஸுடையது ஃபாக்டரி இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

"மை எர்ஸ்ட்வைல் சம்பந்தி."

சம்பந்தி எழுந்தார். கண் சிவந்திருந்தது. 'இயேசப்பா, இன்னிக்கி மட்டும் காப்பாத்து' என்று ஃப்ரெடி கண்ணை மூடிக்கொண்டான்.

"மை எர்ஸ்ட்வைல் கொர்னேலியஸ்," என்று அவர் தழுதழுத்தார். "இவ்ளோ மரியாதையா யாரும் என்னைக் கூப்ட்டதில்ல." இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

கேக் முன்னால் நின்ற எலைன், திறந்த வாய் மூடாத அண்ணனைப் பக்கத்தில் இழுத்தாள்.

"நிச்சயதார்த்தத்துல என் மாமனார் எல்லாரையும் எர்ஸ்ட்வைல்னு கூப்ட்டாரு, பசங்க சிரிச்சிட்டாங்க, அவருக்கு அவமானமாப் போச்சு, அன்னிலேர்ந்துதான்ணா அப்பாவும் அப்படியே பேசறாரு."