இரண்டாவது ஆல்பமும் பக்கத்து ஷெட்டும்

நடந்தது இதுதான், வரிசையாக:

1. எங்கள் பாண்டின் முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள், பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, டிரம்ஸ் மட்டும் இன்வர்ட்டர் மாதிரி இருக்கிறது என்றார்கள். டிரம்ஸ் வாசித்தது நான்.
2. மற்ற மூவரும் வேலைக்காக வெவ்வேறு ஊர்களுக்குப் போனார்கள். டிரம்ஸும் நானும் கோயமுத்தூரிலேயே இருந்தோம்.
3. இரண்டாவது ஆல்பத்தில் மனுஷியைப் போல வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.
4. வாசித்தேன். மூவரும் பாராட்டினார்கள்.
5. ஒரு சனிக்கிழமை எல்லாரும் நேரில் வந்து உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் கேட்டோம்.
6. கடைசிப் பாட்டில் நான் வாசிப்பதை நிறுத்திய பிறகும் டிரம்ஸ் நிற்கவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அம்மா எல்லாருக்கும் முட்டை பப்ஸ் கொடுத்தார். அதை வரிசையில் சேர்க்கவில்லை. விளைவில் அதற்குப் பங்கில்லை.

எண் போட்டு எழுதினால் எந்த அவமானமும் ஆய்வக அறிக்கையின் கண்ணியத்தைப் பெற்றுவிடும் என்பது என் நம்பிக்கை. (பெறவில்லை. மேலே உள்ளதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.) இன்னொரு தகவலையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நான் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார்களின் அதிர்வைச் சோதிக்கும் பிரிவில் இன்ஜினியர். ஒரு அதிர்வு எங்கிருந்து கிளம்புகிறது, எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பாண்டின் பெயர் 'காலி கேரியர்'. கல்லூரியில் ஆரம்பித்தது. நிவேதா பாடுவாள், பாட்டெழுதுவாள். கௌதம் கிட்டார். சந்தோஷ் பேஸ் கிட்டார். வாசித்துப் பழகிய அறை எங்கள் மாமாவுடையது. ஊருக்குள்ளேயே கணபதி என்ற பகுதியில் பழைய மோட்டார் போட்டு வைத்திருந்த குடோன். கௌதம் வீட்டில் கிணத்துக்கடவுப் பக்கம் தென்னை நார் மில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த நார் மெத்தைகளைச் சுவர் முழுக்க அடித்து, சத்தம் வெளியே போகாத ஸ்டூடியோவாக மாற்றினோம். வடிவமைப்பு என்னுடையது. அது சத்தத்தைத் தடுத்ததோ இல்லையோ, மழைக்காலத்தில் உள்ளே போனால் ஈரமான தேங்காய்க்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

முதல் ஆல்பத்தை நால்வரும் அங்கே உட்கார்ந்து செய்தோம். சண்டை, ஒரே தட்டில் பரோட்டா, ஒருவர் வாசிக்கும்போது இன்னொருவர் தும்மல் என்று. இரண்டாவதற்கு நிவேதா பெங்களூரிலும், கௌதம் சென்னையிலும், சந்தோஷ் ஹைதராபாத்திலும் இருந்தார்கள். அதனால் ஒரு ஏற்பாடு: நான் முதலில் டிரம்ஸ் வாசித்து அனுப்ப வேண்டும், அதன்மேல் மற்றவர்கள் அவரவர் ஊரில் வாசித்துச் சேர்ப்பார்கள். வீட்டுக்கு முதலில் அஸ்திவாரம் போடுகிற மாதிரி என்றான் கௌதம். அஸ்திவாரம் போடுகிறவர்கள் கூட்டமாகத்தான் வருவார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நிவேதா போனில் ஒன்று சொன்னாள்.

"இது நல்லா வந்துச்சுன்னா மாசம் ஒருக்கா எப்படியாவது வந்தர்றோம்டி மெர்சி. நல்லா வரலைன்னா பேசாம முடிச்சுக்கலாம். சும்மா இழுத்துட்டு இருக்க வேண்டாம்."

நான் சரி என்றேன். கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் நான் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்த அறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாக்கியமும் கூடவே உள்ளே வந்தது. மாதம் ஒருமுறை அவர்கள் வருவதா, வராமலே போவதா என்பது என் இரண்டு கைகளிலும் ஒரு காலிலும் இருந்தது.

அறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் பழைய இடத்திலேயே கிடந்தன. அவற்றை அடுக்கி மூலையில் வைக்கவில்லை. (எதிரொலியைக் குறைக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலி எதையும் குறைக்காது.) ஒரு நாள் "ரெடியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தேன். அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்க வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ரெக்கார்டிங் செய்யும்போது டிரம்ஸ் வாசிப்பவரின் காதில் வேகம் மாறாமல் 'டக் டக்' என்று ஒரு சத்தம் ஓடவிடுவார்கள். கிளிக் என்று பெயர். முதல் ஆல்பத்தில் நான் அதைப் பிசகாமல் பின்பற்றினேன். இன்வர்ட்டர் பட்டம் அதனால் வந்தது. ஆகவே இந்த முறை கிளிக் கிடையாது. பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு, இதயம் சொல்கிற வேகத்தில் வாசிப்பது. மைக் எல்லாம் வைத்து, வெளிச் சத்தம் எதுவும் இதயத்தைக் குழப்பக் கூடாது என்று கம்பெனியில் நாங்கள் போடும் கனமான காது மூடியையும் மாட்டிக்கொண்டேன்.

முதல் சில வாரங்கள் என் இதயம் சொன்னது எதுவும் உருப்படியாக இல்லை. முதல் சரணத்தில் நடந்து, இரண்டாவதில் ஓடி, மூன்றாவதில் மூச்சு வாங்கியது. பிறகு ஒரு சனிக்கிழமை எல்லாம் மாறியது. உட்கார்ந்து நாலு அடி அடித்ததும் வேகம் தானாக நிலைத்தது. காதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஸ்டூலிலிருந்து முதுகுத்தண்டின் வழியாக ஒரு நம்பிக்கை மேலே ஏறியது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வாசிப்பது போலிருந்தது. என் திறமை மலர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்டூல் வழியாக ஏறுவது எதுவாக இருந்தாலும் அதை அளந்து பார்க்கும் வேலையில் இருக்கிற நான், அன்று அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அந்த நம்பிக்கை கொஞ்சம் நிற்கும். நானும் நின்று, ஒரு உருட்டு உருட்டுவேன். மறுபடி அது தொடங்கும். நானும் தொடங்குவேன்.

ஆல்பம் முழுவதையும் இப்படியே வாசித்து அனுப்பினேன். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பாராட்டு குவிந்தது. பெடலை மிதித்து அடிக்கும் என் காலடி டிரம்மின் சத்தம் நெஞ்சில் குத்துகிறது, என்ன மைக் என்று கௌதம் கேட்டான். பழைய மைக்தான், வைக்கும் கோணத்தில் இருக்கிறது என்று பதில் போட்டேன். எல்லாப் பாட்டிலும் ஒரே அளவு நீளத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி வருகிறதே, அது ஆல்பத்தின் கருப்பொருளா என்று நிவேதா கேட்டாள். அது மூச்சு என்றேன். மனிதர்கள் மூச்சு விடுவதற்கும் இயந்திரங்கள் விடாததற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி ஒரு குரல் செய்தி அனுப்பினேன். (அது இன்னும் குரூப்பில் இருக்கிறது. அழிக்கலாமா என்று கேட்டேன், விடவில்லை.) அவள் அந்த இடைவெளிகளுக்கு ஏற்பப் பாட்டு வரிகளையே மாற்றி எழுதிப் பாடினாள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. மூவரும் வந்தார்கள். நான்கு நாற்காலியிலும் ஆள். பப்ஸ் கொண்டு வந்த அம்மா, சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர் என்ற தகுதியில், தானும் கேட்பதாகச் சொல்லி டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பாட்டாகப் போனது. கௌதம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் எந்த வாரம் வரலாம் என்று அவளும் சந்தோஷும் நடுவில் பேசிக்கொண்டதையும் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த அறையில் இருந்ததில்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. கிட்டார் கரைந்தது, குரல் கரைந்தது, என் கடைசி அடி விழுந்தது. அதற்குப் பிறகு காலடி டிரம் மட்டும் தும், தும், தும் என்று போய்க்கொண்டிருந்தது.

பேஸ் வாசிக்கிறவர்களுக்குக் கீழ்ச்சத்தம்தான் உயிர். சந்தோஷ் நிமிர்ந்தான்.

"இது யாரு வாசிக்கறது?"

"ரூம் ரிஃப்ளெக்ஷன், எதிரொலி," என்றேன், அமைதியாக.

"நீ அடிச்சு முடிச்சுட்டியே."

"லேட் ரிஃப்ளெக்ஷன்."

கௌதம் கம்ப்யூட்டரை நிறுத்தினான். அறை அமைதியானது. தும், தும், தும் நிற்கவில்லை.

ஸ்டூலில் இருந்த அம்மா கீழே குனிந்து பார்த்துவிட்டு, "கண்ணு, இது அடியில இருந்து வருதே," என்றார்.

சந்தோஷ் தரையில் உள்ளங்கையை வைத்தான். எழுந்து வெளியே போனான். எல்லாரும் அவன் பின்னால் போனோம். பக்கத்தில் ஒரு ஷெட். அதன் ஷட்டர் எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். அதனால் நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. ஐந்து பேரும் குனிந்து உள்ளே பார்த்தோம். பவர் பிரஸ் ஒன்று. அதன் முன்னால் ஓர் அக்கா தனியாக உட்கார்ந்து, நீளமான தகட்டை இடது கையால் தள்ளித் தள்ளி, காலால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் மேலிருந்து பிரஸ் இறங்கித் தகட்டில் ஒரு வாஷரை வெட்டியது. தகடு முடிந்ததும் கால் நின்றது. அடுத்த தகட்டை எடுத்து வைத்தார். மறுபடி கால்.

கௌதம் மெதுவாக எங்கள் முதல் பாட்டை முணுமுணுத்தான். சரியாகப் பொருந்தியது. இரண்டாவது பாட்டு. அதுவும். சரணம் முடிகிற இடத்தில் தகடு முடிந்தது. நிவேதா எழுதிய வரிகளின் நீளம் ஒரு தகட்டுக்கு எத்தனை வாஷர் என்பதால் தீர்மானிக்கப்பட்டிருந்தது. நால்வரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஏங் கண்ணு," என்றார் அம்மா, "உன்ற பாண்ட்ல நாலு பேருன்னுதானே சொன்னே?"

அக்கா பிரஸ்ஸை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். பெயர் ஜோதி.

"ஏனுங்க அம்மணி, சத்தம் தொந்தரவுங்களா?"

இல்லை என்று ஆரம்பித்து, கிளிக், காது மூடி, ஸ்டூல் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கி, இத்தனை நாளாக நான் தெரியாமல் அவருடைய பிரஸ்ஸுக்கு வாசித்திருக்கிறேன் என்று சொல்லி முடித்தேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

"நாந்தானுங்க உங்க அடிக்கு மிதிச்சுட்டு இருக்கறேன்," என்றார். "சனிக்கெழமை இங்க நான் ஒருத்திதானுங்க. பொழுதே போவாது. நீங்க அடிக்க ஆரம்பிச்சீங்கன்னா அதுக்குத் தக்கன மிதிச்சா வேலை ஓடறதே தெரியாதுங்க. தகடு தீந்துச்சுன்னா ஒரு உருட்டு உருட்டுவீங்கல்லங்க, அதுக்குள்ளாற அடுத்ததை எடுத்துருவேன். எனக்கோசரந்தான் உருட்டறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் பையிலிருந்து மிச்சமிருந்த ஒரு பப்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

யார் யாரைப் பின்பற்றினார்கள் என்பதை என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. என் தொழிலில் இதை மூலம் தெரியாத அதிர்வு என்று குறித்து மூடிவிடுவோம்.

திரும்பி அறைக்குள் வந்த பிறகு மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் கௌதம் கணக்கைச் சொன்னான். எல்லாப் பாட்டும் ஒரே வேகம், எல்லாச் சரணமும் ஒரே நீளம். தனித்தனியாகக் கேட்டபோது தெரியவில்லை, இனிமேல் வேறு எதுவும் காதில் விழாது. மறுபடி வாசிக்க நேரமில்லை. பாட்டுகளின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றி, டிரம்ஸை மட்டும் அவனே லேப்டாப்பில் போட்டுவிடலாம். அதை அவன் மிக மென்மையாகச் சொன்னான். அதனால்தான் அதிகம் வலித்தது. நான் சரி என்றேன். அது ஏன் நல்ல முடிவு என்பதற்கு என் பங்குக்கு மூன்று காரணங்களையும் சொன்னேன்.

நிவேதா ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கடைசிப் பாட்டத் தொடக்கூடாது. அந்த அடி இல்லாம என்னால பாட முடியாது," என்றாள். சாயங்காலம் மூவரும் கிளம்பினார்கள். அடுத்த மாதம் எந்த வாரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் நாற்காலிகளை அடுக்கி மூலையில் வைத்தேன்.

வீட்டில் இது நிரந்தரமான விஷயமாகிவிட்டது. குக்கர் விசிலடித்தால் தம்பி, "அக்கா, ரெக்கார்டிங்," என்கிறான். உறவுக்காரர்கள் வந்தால் பப்ஸ் உட்பட முழுக் கதையும் அம்மா சொல்கிறார். கிரைண்டரில் மாவு ஓடும்போது நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "போய்க் கூட வாசி கண்ணு, பாவம் தனியா ஓடுது," என்கிறார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்து போய் மாவைத் தள்ளிவிடுவேன்.

இப்போதைய நிலை: ஆல்பம் வெளிவந்துவிட்டது. கடைசிப் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் டிரம்ஸ் வாசிப்பது கௌதமின் லேப்டாப். கடைசிப் பாட்டில் நானும் ஜோதியக்காவும் வாசித்திருக்கிறோம். நான் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் வாசிக்கிறார். பாண்ட் கலையவில்லை, கூடவும் இல்லை. சனிக்கிழமைகளில் நான் கணபதிக்குப் போகிறேன். காது மூடியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன். பக்கத்து ஷெட்டின் ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கிறது.