எண்ணூரில் அகப்பட்ட மலை மீன்

விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய நான் அதுவரை ஒரு மீனைக்கூடக் கையால் தொட்டதில்லை. (கண்ணாடி ஜாடியில் பார்த்தது கணக்கில் வராது.) பெண் கேட்கப் போன வீட்டில் இந்த உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தால் என் கட்டைவிரல் தப்பித்திருக்கும்.

பெண் கௌரி. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம். அவள் அப்பா ஏழுமலை, சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவர். வியாசர்பாடியிலிருந்து நான் தனியாகப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"மீனப் பத்தி படிச்சிகீறியாமே?" என்றவர், குழம்புக்கு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டார். "இது இன்னா மீனு, சொல்லு."

உடம்பெல்லாம் புள்ளி. கல்லூரிச் சுற்றுலாவில் ஊட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் பார்த்த மீனுக்கும் புள்ளி. போதாதா?

"ட்ரவுட்டுங்க. ஜில்லுனு, தெளிவா ஓடுற மலை ஓடையிலதான் வாழும்."

வீடே அமைதியானது. (மரியாதை என்று நினைத்தேன்.)

"காலைல எண்ணூர் முகத்துவாரத்தாண்ட புடிச்சது நைனா. அந்தத் தண்ணில கால வுட்டா காலே தெரியாது."

"ஆத்துல அடிச்சிக்கிட்டு வந்திருக்கும்."

"ஊட்டிலேர்ந்தா? கும்மிடிப்பூண்டி வண்டி புடிச்சி வந்துச்சா?"

கதவோரம் நின்ற கௌரி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ட்ரவுட்டுக்கு வால் பக்கத்துல முதுகுல ஒரு சதைத் துடுப்பு இருக்கும். முள்ளே கிடையாது. பாருங்க" என்று கட்டைவிரலால் அழுத்தினேன்.

அது ஓரா மீன். முதுகெல்லாம் முள், முள்ளெல்லாம் விஷம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் சாவு விழுந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள்.

"ஐய! ஓராவப் போயி அமுக்கிகீறான் பாரு!" என்று கௌரியின் அம்மா என் கையைப் பிடித்துச் சுடுதண்ணீரில் முக்கினார். விரல் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மூக்கும் கண்ணும் ஒழுக, அந்த நிலையிலும் கேட்டேன்: "கௌரியக் கட்டிக் குடுங்க."

ஏழுமலை என் விரலைப் பார்த்தார். "படகாண்ட வரவே மாட்டேன்னு சத்தியம் பண்ணு. தர்றேன்."

பண்ணினேன்.

இப்போது மாமனார் வீட்டில் வஞ்சிரம் வறுத்தாலும் மத்தி வறுத்தாலும் என் தட்டில் விழும்போது அதன் பெயர் ட்ரவுட்டு. விவரம் தெரியாத என் மகள் போன மாதம் மீன்காரம்மாவிடம், "அரைக் கிலோ ட்ரவுட்டு குடுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

"அது உங்கப்பன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், கண்ணு" என்றாராம் அந்தம்மா.