பருந்தை வெட்ட விடமாட்டேன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, வண்டி மூவரும் சுகம். மகளும் பேத்தியும் சுகம் என்று போனில் தெரிந்துகொண்டேன். நீங்கள் சுகமா என்று இந்தக் கடிதத்தில் கேட்பதாக இல்லை.

உங்கள் கம்பெனிக் கடிதம் நேற்று வந்தது. விளம்பரப் பிரிவு மேலாளர் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் கம்பெனி செய்து நிறுத்திய 'பருந்து' காரின் பெயரில் புதிதாக ஒரு மின்சாரக் கார் வருகிறதாம். அதன் அறிமுக விழாவுக்கு என் பழைய பருந்து வேண்டுமாம், அதுவும் முழுசாக இல்லையாம். குறுக்கே வெட்டி, முன்பாதியை ஷோரூம் சுவரிலிருந்து பாய்ந்து வருகிற மாதிரி பதிப்பீர்களாம். பின்பாதி என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. மேலிடத்தில் நீங்களே சரி என்று சொல்லிவிட்டீர்கள், திங்கட்கிழமை லாரி வருகிறது. "நல்ல காரியத்துக்குத்தானே கேக்குறோம் மாமா" என்று போனில் வேறு குழைந்தீர்கள். பெண்ணைக் கேட்டீர்கள், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

அது எப்படி வந்த வண்டி தெரியுமா? ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் பதினெட்டு வருஷம் நின்றது. நான் போன அன்று பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்குங்க" என்றார் பண்ணைக்காரர். இருபத்தோரு நாள் காத்திருந்தேன். வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டதற்கு, கோழி கொத்தித் தின்றுவிட்டது என்றார், சரி என்று கயிறு கட்டி இழுத்து வந்தேன். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அதன் அடியில்தான் மல்லாந்து கிடக்கிறேன். உங்கள் அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தரையோடு உள்ளே தள்ளப் பழகிவிட்டாள். எங்கள் பீரோவின் பின்தகடுதான் இப்போது வண்டிக்குத் தரை. பீரோ சுவரோடு ஒட்டி நிற்பதால் வெளியே தெரியாது. கோழி எச்சத்தைக் கழுவியபோது முதலில் மின்னியது 'பருந்து' என்ற பெயர்ப்பலகை. மூன்று திருகாணியில் ஒன்று மட்டும் அலமாரித் திருகாணி, யாரோ புண்ணியவான் அவசரத்துக்கு முடுக்கியிருக்கிறார். இன்றைக்கு மிச்சம் இருப்பதே ஐந்து பருந்து என்று பழைய கார் சங்கத்தார் சொல்கிறார்கள். அந்த ஐந்தை நாலரை ஆக்கப் பார்க்கிறீர்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தோரு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் பெயர் மாற்றப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ஓர் எழுத்தைக் கூட்டுவதற்கு நாலு சான்று கேட்டவன். உங்கள் பள்ளிச் சான்றிதழையே கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிப் பார்த்தவன், மறந்திருக்க மாட்டீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கலாம், தப்பில்லை. அதற்காகத் தாத்தாவை இரண்டாக அறுத்துத் தொட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டுவார்களா? உங்கள் புதுக் காரின் படம் பார்த்தேன். சக்கரம் நாலு என்பதைத் தவிர எங்கள் வண்டியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பலகையை முடுக்கிவிட்டால் பருந்தாகிவிடுமா? உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது மாப்பிள்ளை. இதை உங்கள் மேலிடத்தில் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, ஆனால் மருமகனுக்கு மட்டும்தான், மேலாளருக்கு இல்லை. லாரி வந்தால் நான் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். முன்பாதியில்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது, வண்டி வேலையில் எனக்குக் கைகொடுக்க வரும் மெக்கானிக் கூப்பிட்டார். பேட்டரிக்கு அடியில் காய்ந்த எச்சத்தைச் சுரண்டியதில் கம்பெனித் தகடு ஒன்று தெரிந்திருக்கிறது. அதில் 'குருவி' என்று இருக்கிறது. பருந்தின் அதே உடம்பில் சின்ன இன்ஜினை வைத்துச் செய்தார்களே, அந்தக் காலத்தில் தெருவுக்கு ரெண்டு நின்றதே, அந்த வண்டி. பலகையை எவனோ பிற்பாடு முடுக்கியிருக்கிறான். நாலு சான்று கேட்டவன், கோழி தின்றுவிட்டது என்றதும் தலையாட்டியிருக்கிறேன். அத்தை மேலே உள்ளதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஊர்க்குருவி வந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"அப்ப லாரியில ஏத்தி விட்டுடலாமா?" என்றாள்.

"குருவின்னா அறுக்கலாமா?" என்றேன்.

அவள் உள்ளே போய்ப் பீரோவைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் நெருக்கித் தள்ளிவிட்டு வந்தாள்.

ஆகவே மாப்பிள்ளை, பருந்துப் பலகை இந்த உறைக்குள் இருக்கிறது. பெயர் உங்களுடையது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கிடையாது. திங்கட்கிழமை லாரி வந்தே தீருமென்றால் காலியாகத் திரும்பும்படி வரட்டும், வரும்போது உங்கள் கிடங்கிலிருந்து பழைய 'குருவி' பலகை ஒன்றைக் கொண்டுவரட்டும். சான்றாகத் தகட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். திருகாணி மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.