விபூதி பூசிய பூச்சி

பால்கனியை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன். கடலூரில் இந்த ஃப்ளாட்டை வாங்கியபோது, பால்கனி என் நாற்காலிக்கு என்றுதான் பேச்சு. இன்று அங்கே என் மனைவி சந்திரலேகாவின் எலுமிச்சைத் தொட்டிகள் குடியிருக்கின்றன. என் நாற்காலி வாஷிங் மெஷின் பக்கத்தில் கிடக்கிறது. மெஷின் சுற்றினால் எனக்கும் தலை சுற்றும். ரிட்டயர் ஆனவனுக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

அப்போதுதான் கடவுள் ஒரு பூச்சியை அனுப்பினார். அரிசியில் பாதி இருக்கும். வெள்ளியாக மினுக்கிக்கொண்டு பாத்ரூம் சுவரில் ஒட்டியிருந்தது. போய் எலுமிச்சை இலைகளைப் பார்த்தேன். இலைக்குள்ளேயே புழு தின்றுகொண்டு போன தடம், கோணல்மாணலாக, வெள்ளையாக. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"சந்திரா, உன் செடியிலேருந்துதான் பூச்சி வீட்டுக்குள்ள வருது. தொட்டியெல்லாம் தூக்கிடலாம்."

"அது என்ன பூச்சின்னு தெரியுமா மாமா?"

"பூச்சின்னா பூச்சிதான்."

"அரிசி டப்பாலேருந்துகூடத்தான் பூச்சி வரும். இது செடிப் பூச்சிதான்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். மறுநாளே தூக்கிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆடிப்போனேன். கல்யாணமான நாளிலிருந்து இவள் எதற்கும் இப்படி இறங்கி வந்ததில்லை. பூச்சியைப் பிடிக்க டப்பா தேடினேன். அவளே சாமி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

சிதம்பரம் பஸ் குலுக்கிய குலுக்கலில் என் எலும்பே இடம் மாறிவிட்டது. அண்ணாமலை நகரில் என் பழைய கூட்டாளி அன்பரசு பூச்சியியல் வாத்தியார். டப்பாவைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

"மச்சான், பூச்சிக்கு ஏண்டா விபூதி பூசிக் கொண்டாந்திருக்க?"

எட்டிப் பார்த்தேன். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த விபூதியெல்லாம் உதிர்ந்து பூச்சியை மூடியிருந்தது. அது பரம பக்தனாகச் செத்துக் கிடந்தது.

"எலுமிச்சை இலை துளைப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுடா. உன் கால்ல விழறேன்."

"இருக்கலாம். ஆனா றெக்கைல கோடு தெரியணும், நுனில கறுப்புப் பொட்டு தெரியணும். இதுல திருநீறுதான் தெரியுது. ஒண்ணு பண்ணு. செடியை அசைக்காத. பக்கத்துலயே உக்காந்து, இலையிலேருந்து பூச்சி வெளிய வரும்போது புடிச்சுக்கிட்டு வா. அப்ப சொல்றேன்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"அப்ப செடியை அசைக்கக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரா?"

"ஆமா."

"பக்கத்துல ஆள் வேற இருக்கணுமா?"

"ஆமா."

என் நாற்காலியை அவளே இழுத்துப் போய் ரெண்டு தொட்டிக்கு நடுவில் போட்டாள். ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது, வாட்ச்மேன் உத்தியோகத்தோடு. பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீரும் வந்தது.

"சும்மாதான உக்காந்திருக்கீங்க, அப்படியே தண்ணி ஊத்திடுங்க மாமா. பூச்சி புடிக்க டப்பா வேணும்னா சொல்லுங்க. குங்கும டப்பா ஒண்ணு காலியாத்தான் இருக்கு."